ஆண்கள் லேஞ்சி வைத்திருக்கும் முறை: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு

பங்குனி பிறந்துவிட்டால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான கரையோர ஊர்களில் காலை ஒன்பது மணிக்கே சட்டையின் கழுத்து நனைந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசத் தொடங்கினால் வியர்வையோடு புழுதியும் சேர்ந்து முகத்தில் படியும். இப்படிப்பட்ட ஊரில் லேஞ்சி இல்லாமல் வெளியே இறங்கும் ஆண், கடைசியில் புறங்கையாலோ சட்டைக் கையாலோதான் முகத்தைத் துடைக்கிறார். அதைப் பார்ப்பவர்கள் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லை, ஆனால் பார்த்துவிடுகிறார்கள். ஆகவே லேஞ்சி வைத்திருக்க வேண்டுமா என்பதைப் பற்றி இங்கே விவாதிக்கப் போவதில்லை. வைத்திருப்பவரைப் பார்த்து ஒருவர் "ஒழுங்கான மனிசன்" என்று நினைப்பதும், இன்னொருவர் "கிழட்டுப் பழக்கம்" என்று சிரிப்பதும், மூன்றாமவர் முகத்தைச் சுளிப்பதும் எதனால் என்பதையும், அந்த மூன்றாவது வகையில் அகப்படாமல் இருப்பது எப்படி என்பதையுமே எழுதுகிறேன்.

முகஞ்சுளிப்புக்குக் காரணம் ஒன்றுதான். மூக்கைச் சீறிய துணி மடிக்கப்பட்டு மீண்டும் பைக்குள் போகிறது. சற்று நேரத்தில் அதே துணி வெளியே வந்து முகத்தைத் துடைக்கிறது. பிறகு அந்தக் கை மற்றவரின் கையைப் பிடிக்கிறது. இதைக் கண்ணால் கண்டவருக்கு லேஞ்சி என்றாலே அருவருப்பு வருவது நியாயம். இந்த அருவருப்பைக் கடதாசிக் கம்பனிகளும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. கிளீனெக்ஸ் என்னும் டிசு 1924 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, பெண்கள் முகப்பூச்சைத் துடைத்தெடுப்பதற்கான பொருளாகவே அது அறிமுகமானது. 1930 அளவில்தான் அதனை எறிந்துவிடக்கூடிய லேஞ்சி என்று விளம்பரப்படுத்தத் தொடங்கி, தடிமனைப் பைக்குள் வைத்துச் சுமக்காதீர்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். விளம்பரம்தான் என்றாலும் சொன்னதில் பிழை இல்லை. பிழை என்னவென்றால், தடிமன் இல்லாத நாட்களுக்கும் அதே பேச்சை நாம் பொருத்திக்கொண்டு, வியர்வை துடைக்கக்கூட டிசுவைக் கிழித்து, நெற்றியில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியபடி கந்தோருக்குள் நுழைவதுதான்.

எனவே முதல் விதி, வீட்டைவிட்டு இறங்கும்போது இரண்டு லேஞ்சிகள் எடுத்துக்கொள்வது. ஒன்று உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் உரியது. மற்றது மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டியது. அதைக் கொண்டு நீங்கள் எதையும் துடைப்பதில்லை. கோயிலில் திருநீற்றை முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவதற்கும், பிள்ளை விழுந்து முழங்கால் உரசினால் கட்டுவதற்கும், அழுகின்றவருக்கு நீட்டுவதற்கும் அது இருக்கும். ஒரே லேஞ்சியை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் ஆணைத்தான் ஊர் பகிடி பண்ணுகிறது. மூக்குக்கென்று மூன்றாவது லேஞ்சி தேவையா என்று கேட்பவர்களுக்கு, தடிமன் பற்றிப் பேசும் இடத்தில் பதில் சொல்கிறேன்.

துணியைத் தெரிவு செய்வதில் அவசரப்படக்கூடாது. நடைபாதைக் கடைகளில் பெட்டியில் அடுக்கி, மினுமினுப்பாக விற்கப்படுபவற்றில் பல பொலியெஸ்டர் கலந்தவை. அவை முகத்தில் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வியர்வையை உறிஞ்சுவதில்லை. பருத்தியா என்று அறிய, ஒரு மூலையில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். ஆனால் புதிய பருத்தித் துணியிலும் கஞ்சி இருப்பதால் துளி சற்று நேரம் மேலேயே நிற்கக்கூடும். இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் எந்தப் பருத்தி லேஞ்சியும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். புது லேஞ்சியை வாங்கிய அன்றே பையில் செருகிக்கொண்டு திருமண வீட்டுக்குப் போகிறவர், முகத்தில் ஈரத்தை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டுதான் நிற்பார்.

என்னைக் கேட்டால், கடையில் வாங்குவதைவிடத் தைத்துக்கொள்வதே நல்லது. கல்முனைக்கு அருகே இருக்கும் மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே நெய்யப்படும் பருத்தித் துணி, குறிப்பாகச் சாரனுக்கு நெய்யப்படும் மெல்லிய ரகம், லேஞ்சிக்கு மிகவும் பொருத்தமானது. ஆண்களின் லேஞ்சி பொதுவாக 16 முதல் 18 அங்குலச் சதுரமாக இருக்கும். அதற்குக் குறைந்தால் ஒரு முறை முகம் துடைத்ததோடு நனைந்துவிடும், கூடினால் பை புடைக்கும். 36 அங்குல அகலமுள்ள துணியில் அரை யார் வாங்கினால், 18 அங்குலத்தில் இரண்டு சதுரங்கள் சரியாக வெட்டலாம். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால், பிறகு சுருங்கிக் கோணலாகாது. ஓரத்தை இரண்டு முறை மெல்லியதாக மடித்து அடிக்கச் சொல்லுங்கள். தடித்த ஓரம் அடித்த லேஞ்சி மூக்கோரத்தை உரசும். மடித்து வைத்தாலும் படியாது. இதைவிடச் செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. நாலு முழ வெள்ளை வேட்டி நடுவில் நைந்து போனாலும், இரண்டு பக்க ஓரங்களிலும் நல்ல துணி மிஞ்சும். பல வருடங்கள் துவைத்துப் பதமான அந்தத் துணியின் மென்மைக்கு எந்தப் புதுத் துணியும் ஈடாகாது. வீட்டில் தையல் மெஷின் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் வருடம் முழுவதற்குமான லேஞ்சிகள் சேர்ந்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அழுக்குத் தெரியாது என்று கடும் நீலமும் கறுப்பும் வாங்குகிறார்கள். வியர்வை காய்ந்தால் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிவது அந்த நிறங்களில்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளை நிறம் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும். அதுவே அதன் நன்மை, ஏனென்றால் துவைக்க வேண்டிய நேரத்தை அது உங்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே சொல்லிவிடும். வெற்றிலை போடுகிறவர் மட்டும் வாய் துடைப்பதற்கு மண்ணிறத்தில் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். வெற்றிலைச் சாயம் பிடித்த வெள்ளை லேஞ்சியைத் தூரத்தில் பார்க்கிறவர் இரத்தம் என்று பயப்படுவார். கிட்டத்தில் பார்க்கிறவர் வேறு விதமாக நினைப்பார்.

இனி எங்கே வைப்பது என்பது. காற்சட்டையின் பின்பையில் வைத்தால் அதன்மேல் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறோம். அங்கிருந்து எடுத்து முகத்தைத் துடைப்பதைப் பார்ப்பவருக்கு அது நல்ல காட்சியல்ல. சட்டைப்பையில் வைத்தால் நெஞ்சு வியர்வையில் தானாகவே நனையும். இடது முன்பைதான் சரியான இடம். தொலைபேசி வலது பக்கம் போகட்டும். நாலாக மடித்தால் கிடைக்கும் சதுரத்தை இன்னொரு முறை நீளவாக்கில் மடித்து, மடிப்பு மேலே தெரியும்படி வைத்தால், எடுக்கும்போது துணி முழுவதும் விரிந்து தொங்காது. துப்புரவான இரண்டாவது லேஞ்சிக்குத் தோள்பையோ மோட்டார் சைக்கிளின் பெட்டியோ போதும். சாரனுக்குப் பை கிடையாது. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டும் மூத்தவர்கள் அதன் பைக்குள் வைப்பார்கள். மற்றவர்கள் சாரனை உடுத்திய மடியில் ஒரு முனை மட்டும் வெளியே தெரியச் செருகுவார்கள். இரண்டும் மரியாதையான முறைகளே.

கழுத்தில் செருகுவதுதான் சிக்கல். கொலர் கறுத்துப் போகாமல் இருக்க லேஞ்சியைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றி வைப்பது பஸ் நடத்துநருக்கும், மூட்டை சுமப்பவருக்கும், வெயிலில் நின்று வேலை செய்பவருக்கும் மிகவும் உதவியான வழி. ஆனால் அதே கோலத்தில், சாரனைச் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு சந்தியில் நிற்பவரை, அவர் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், ஊர் "சண்டியன்" கணக்கில்தான் சேர்க்கும். பெண் பார்க்கப் போகும் வீட்டுக்கோ வங்கிக்கோ பாடசாலைக்கோ படியேறும் முன் கழுத்திலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகும்போது புழுதிக்காக மூக்கையும் வாயையும் மூடிக் கட்டுவதும் இப்படித்தான். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், அம்மாதம் 29 ஆம் திகதி முதல் ஆளை அடையாளம் காணமுடியாதபடி முகத்தை மறைப்பது அவசரகால விதிகளின் கீழ் தடைசெய்யப்பட்டது. அடுத்த வருடமே கொரோனா வந்து, மூக்கையும் வாயையும் மூடாமல் வெளியே வராதே என்று அரசாங்கமே சொன்னது. ஒரு வருட இடைவெளியில் அதே துணி சந்தேகத்துக்கும் உரியதாகி, கடமைக்கும் உரியதாகியது. இன்று யாரும் அவ்வளவு கூர்ந்து பார்ப்பதில்லை என்றாலும், கடை வாசலிலும் வங்கி வாசலிலும் வண்டியை நிறுத்திய கையோடு லேஞ்சியைக் கழற்றி முகத்தைக் காட்டுவதே நல்லது. கட்டிய லேஞ்சியின் வெளிப்பக்கத்தில் வழிநெடுகிலும் உள்ள புழுதி இருக்கிறது. அதைக் கொண்டு உடனே முகம் துடைக்கக்கூடாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

நாலு பேர் நடுவில் லேஞ்சியைப் பயன்படுத்துவதற்கு ஓர் அடக்கம் வேண்டும். முகத்தை அழுத்தி உரசாமல் ஒற்றி எடுங்கள். நெற்றி, மேலுதடு, கழுத்து என்ற வரிசையில் போனால் ஒரே பக்கம் போதும். கழுத்துக்குப் பிறகு மீண்டும் முகத்துக்குத் திரும்பாதீர்கள். சட்டைக்குள் கையை விட்டு அக்குளைத் துடைப்பது கழிவறைக்குள் செய்யவேண்டிய காரியம். சாப்பாட்டு மேசையில் கறி ஒழுகிய கையைத் துடைக்க லேஞ்சியை எடுக்காமல் எழும்பிப் போய்க் கையைக் கழுவி, ஈரத்தை மட்டும் அதில் துடையுங்கள். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி லேஞ்சிக்குள்ளேயே தும்மி, உட்பக்கமாக மடித்து வைத்துவிட வேண்டும். தும்மி முடித்து விரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆண்கள் இருக்கிறார்கள். லேஞ்சிப் பழக்கத்துக்கு இவர்கள் தேடித்தந்த கெட்ட பெயரை எந்த டிசு விளம்பரமும் தேடித்தரவில்லை.

இப்போது தடிமன். மூக்கு ஒழுகும் நாட்களில் துணி லேஞ்சியை மூக்குக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. 1982 இல் வெளியான ஆய்வொன்று, இன்புளுவென்சா வைரஸ் உருக்கு, பிளாஸ்டிக் போன்ற கடினமான பரப்புகளில் 24 முதல் 48 மணித்தியாலம் உயிர்வாழ்வதாகவும், துணியிலும் கடதாசியிலும் 8 முதல் 12 மணித்தியாலத்துக்கும் குறைவாகவே தங்குவதாகவும் கண்டறிந்தது. துணியில் குறைவுதான் என்று ஆறுதல் அடையலாம். ஆனால் ஒரு வேலை நாள் முழுவதும் எட்டு மணித்தியாலம்தான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே அந்த ஓரிரு நாட்களுக்கு டிசுவை எடுத்து, சீறி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவதே முறை. குப்பைத் தொட்டி என்று எழுதுவதற்குக் காரணம், கல்லடிக் கடற்கரை மணலில் கசங்கிக் கிடக்கும் டிசுக்களை யார் பொறுக்குவது என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லாததுதான். கையில் டிசு இல்லாத நேரத்தில் லேஞ்சியில் சீற நேர்ந்தால், அதைப் பைக்குள் தனியாக ஒரு சிறிய பொலித்தீன் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும்.

இடத்துக்கு இடம் பார்வை மாறுகிறது. பஸ் நிலையத்தில் யன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டு இருக்கை பிடிப்பது நம்மவர்கள் எழுதாத சட்டமாக வைத்திருக்கும் உரிமை. அது ஓர் ஆளுக்கு ஓர் இருக்கை என்ற அளவில் நிற்கும்வரை யாரும் கோபிப்பதில்லை. நனைந்த லேஞ்சியைப் போட்டுவிட்டு அதன்மேல் இன்னொருவரை இருக்கச் சொல்வதும், ஒரே குடும்பத்துக்கு மூன்று லேஞ்சிகளை வீசுவதும் சண்டையில்தான் முடியும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் சனம் நெருக்கிய பஸ்ஸில், கையை மேலே தூக்கிக் கம்பியைப் பிடித்தபடி மற்றக் கையால் முகம் துடைப்பதென்றால் லேஞ்சி முன்பையில் இருந்தால்தான் முடியும். பின்பையைத் துழாவினால் பக்கத்தில் நிற்பவர் வேறு எதையோ துழாவுவதாக நினைத்துவிடுவார்.

கோயிலில் இரண்டாவது லேஞ்சியின் அருமை தெரியும். மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் கோயில்களில் சட்டைப்பையும் வெளியே நின்றுவிடும். லேஞ்சி வேட்டி மடியில் இருக்க வேண்டும். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடிவிட்டு ஈரத்தோடு நிற்கும்போதும், பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புப் பார்க்கும் சனத்துக்குள்ளும், கையில் வாங்கிய திருநீற்றை வீட்டிலிருக்கும் அம்மாவுக்குக் கொண்டுபோக ஒரு துணி தேவைப்படும். லேஞ்சியின் நடுவில் திருநீற்றைக் கொட்டி, ஒரு மூலையைப் பிடித்து மடித்து, எதிர் மூலையால் சுற்றி, மிஞ்சிய இரு முனைகளையும் முடிந்தால் ஒரு துகளும் சிந்தாது. வியர்வை துடைத்த லேஞ்சியில் இதைச் செய்து கொடுத்தால், அம்மா வாங்கிப் பூசிக்கொள்வார். ஆனால் லேஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார்.

பள்ளிவாசலில் உளூச் செய்தபின் கையையும் முகத்தையும் துடைக்கவும், தொப்பி கொண்டுவராத நேரத்தில் தலையில் கட்டித் தொழவும் லேஞ்சி உதவுகிறது. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் வெள்ளிக்கிழமைகளில் இதைக் காணலாம். தலைக்குக் கட்டும் லேஞ்சி 18 அங்குலத்துக்குக் குறைந்தால் முடிச்சுப் போடமுடியாமல் சறுக்கும். கட்டியது குனியும்போது விழாமலிருக்க முடிச்சைப் பிடரிக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும்.

வட்டைக்குள் லேஞ்சிக்கு மதிப்பில்லை. வெள்ளாமை வெட்டும் காலத்தில் வரம்பில் நிற்பவருக்குத் துவாயும் சால்வையும்தான் ஏற்றவை. தலைக்குக் கட்டலாம், வியர்வை துடைக்கலாம், விரித்து இருக்கலாம். முன்னைய போடியார்மாருடைய தோளில் கிடந்த சால்வை இத்தனை வேலையையும் செய்துகொண்டு அந்தஸ்தையும் காட்டியது. காற்சட்டை போட்ட உத்தியோகத்தர்களின் கையில்தான் லேஞ்சி பழக்கமானது. அதனால்தான் இன்றும் வயலில் ஒருவர் நாலாக மடித்த வெள்ளை லேஞ்சியை எடுத்தால், "துரை வந்திட்டார்" என்று கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பகை இல்லை. நீங்களும் சிரித்துவிட்டுத் துவாயை எடுத்துக்கொள்ளலாம்.

மரண வீட்டில் லேஞ்சியைக் கொடுப்பதற்கு ஒரு விதம் இருக்கிறது. அழுகின்ற நண்பருக்கு மடிப்புக் குலையாமல், எதுவும் பேசாமல் கையில் வையுங்கள். நீங்களே விரித்து அவர் முகத்தைத் துடைக்கப் போகாதீர்கள். உறவில்லாத பெண்ணுக்கு ஓர் ஆண் நேராக லேஞ்சி நீட்டினால் நம் ஊரில் அதைப் பார்ப்பவர்கள் பத்து விதமாகப் பேசுவார்கள். பக்கத்தில் இருக்கும் அக்காவிடமோ மாமியிடமோ கொடுத்தால் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது கூடாது. அவர் துவைத்து மடித்துத் திருப்பித் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். லேஞ்சியைப் பரிசாகக் கொடுத்தால் பிரிவு வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் நம்புகிறவருக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுப்பதில் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

துவைப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். லேஞ்சியை வைத்திருப்பவரே துவைக்க வேண்டும். பல வீடுகளில் மனைவிக்கும் தாய்க்கும் இந்தப் பழக்கத்தில் வெறுப்பு வருவது, காற்சட்டைப் பைக்குள் சுருண்டு காய்ந்து கிடக்கும் லேஞ்சியை அவர்கள் விரலால் பிரித்தெடுக்க வேண்டியிருப்பதால்தான். பின்னேரம் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதே அன்றைய லேஞ்சியைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டால், கச்சான் காலத்தில் கொஞ்ச நேரத்திலேயே காய்ந்துவிடும். மாரியில், ஐப்பசி முடிவிலிருந்து தை வரை, அப்படி நடக்காது. அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சண மணம் பிடித்துவிடும். ஸ்திரிக்கைப்பெட்டியால் ஈரம் போகும்வரை தேய்ப்பதே அந்த மாதங்களுக்கு வழி. மழைக்காலத்துக்கென்று சில லேஞ்சிகளைக் கூடுதலாகத் தைத்து வைத்துக்கொள்ள வேண்டியதும் இதற்காகத்தான்.

கறைகளில் மஞ்சட்கறை ஆட்களை ஏமாற்றும். கறி பட்ட லேஞ்சியில் சவர்க்காரத்தைப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். கறை கூடிவிட்டது என்று பயந்து மேலும் மேலும் தேய்ப்பார்கள். சவர்க்காரத்தின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் நிறம் மாறுவது இயல்பு. நன்றாக அலசிவிட்டுக் கடும் வெயிலில் காயப்போட்டால் இரண்டு மூன்று நாட்களில் கறை தானாகவே மங்கும். வெற்றிலைக் கறைக்குத் தேசிக்காய்ச் சாற்றையும் உப்பையும் தேய்த்து வெயிலில் வைக்கலாம். அதுவும் அன்றே செய்தால்தான், பழைய கறை முழுதாகப் போகாது. கஞ்சி போடுவதை முகத்துக்கான லேஞ்சிக்குத் தவிர்த்து, துப்புரவான இரண்டாவது லேஞ்சிக்கு மட்டும் மெல்லியதாகப் போடலாம். மடிப்பு நாள் முழுவதும் நிற்கும்.

ஓரம் பிரிந்த லேஞ்சியையும், துவைத்தும் நிறம் தெளியாத லேஞ்சியையும் பையில் வைக்கக்கூடாது. அவற்றுக்கு வீட்டில் வேலை இருக்கிறது. கண்ணாடி துடைக்கவும், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் பூசவும் பழைய பருத்திக்கு மிஞ்சிய துணி இல்லை. கண்ணாடிக்கு வைத்தது எண்ணெய்த் துணியோடு கலந்துவிடாமல் ஒரு மூலையில் நூலால் அடையாளம் போட்டு வையுங்கள்.